சிறு கருவி, பெருங்குரல்

மவுத் ஆர்கன் என்று நாம் அழைக்கும் ஹார்மோனிக்காவை விளையாட்டுப் பொருளாகவே பலர் எண்ணுகின்றனர். பத்துத் துளைகள், உள்ளே ஒலிக்கும் இருபது உலோகத் தகடுகள், சட்டைப் பையில் அடங்கிவிடும். இச்சிறு கருவியால் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையில் தனி வழி கண்டவர் லிட்டில் வால்டர்.

சில மாதங்களாக நான் நாக்கால் துளைகளை அடைத்து வாசிக்கும் முறையைப் பழகி வருகிறேன். அதற்கு முன் உதடுகளைக் குவித்து ஒரு துளையில் மட்டும் ஊதுவேன். இப்புதிய முறையில் வாய் நான்கு துளைகளை மூட வேண்டும். நாக்கு இடப்புறத்து மூன்றை அடைத்தால் வலப்புறத் துளை மட்டும் ஒலிக்கும். நாக்கை எடுத்தால் பல சுரங்கள் ஒன்றாகப் பாயும். நடுவில் மட்டும் வைத்து ஊதினால் ஒரே சுரம் இரண்டு ஸ்தாயிகளில் கேட்கும். தாடை வலித்தது, தெரிந்த பாட்டும் வர மறுத்தது. இதில் கைதேர்ந்தவர் யார் என்று தேடியபோதுதான் வால்டரை அறிந்தேன்.

மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ் 1930ஆம் ஆண்டு லூசியானா மாநிலத்தின் மார்க்ஸ்வில்லில் பிறந்தார். இளம் வயதிலேயே பள்ளியை விட்டு, ஊர் ஊராக அலைந்து, தெருவில் வாசித்துப் பிழைத்தார். 1940களின் நடுவில் சிகாகோவை அடைந்து, மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தார். பிறகு மடி வாட்டர்ஸின் குழுவில் சேர்ந்தார்.

அக்காலத்தில் மின்கித்தாரின் ஓசை ஓங்கிக்கொண்டிருந்தது. அதன் முன் சிறு கருவி எடுபடுமா? வால்டர் ஒலிவாங்கியையும் ஹார்மோனிக்காவையும் சேர்த்து இரு கைகளுக்குள் பொத்திப் பிடித்து, ஒலிபெருக்கி வழியே வாசித்தார். சாக்சபோன் போலத் தடித்த நாதம் பிறந்தது. 1952ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் அவர் பதிவுசெய்த ‘ஜூக்’ என்னும் வாத்திய இசை, பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடம் வகித்தது. 1955இல் ‘மை பேப்’ பாடலும் முதலிடம் பெற்றது.

ஆனால் குடியும் முன்கோபமும் அவரை அரித்தன. 1960களில் புகழ் மங்கியது. ஒரு சண்டையில் அடிபட்ட பின்னர், 1968 பிப்ரவரி 15ஆம் நாள் சிகாகோவில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 37 மட்டுமே. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2008இல், ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது.

அவருடைய வெற்றிக்கு ஒலிபெருக்கியே காரணம் என்று சொல்வோர் உண்டு. பழகப் பழக எனக்கு வேறொன்று புரிகிறது. ஒலிபெருக்கி தன்னிடம் வருவதைத்தான் பெரிதாக்கும். நாக்கு தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தையும் பெரிதாக்கும். வால்டரின் வாய் முன்னமே தயாராக இருந்தது. கருவியை அடக்கியாளத் தெரிந்த அவருக்குத் தம்மை அடக்கத் தெரியாமற்போனதை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

நண்பர்களே, நம் கையில் இருப்பது சிறிதென்று சோர வேண்டாம். நம் குரலைப் பெருக்கிக் காட்டும் வாய்ப்பு என்றேனும் வரும். அன்று நம்மிடம் கேட்பதற்கு ஏதேனும் இருக்க வேண்டும். அதற்காகவே நான் நாள்தோறும் அரை மணி நேரம் நாக்கைப் பழக்குகிறேன்.