சட்டமன்றம் சென்ற மருத்துவர்

புதுக்கோட்டை அக்காலத்தில் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட சிறிய சமஸ்தானம். அங்கே 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். கோயில்களில் ஆடவும் பாடவும் நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிப் பெண்கள் பலர் அந்த மரபைச் சேர்ந்தவர்களே. பின்னாளில் முத்துலட்சுமி எந்த வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கேட்டாரோ, அந்த வழக்கம் அவர் ஏட்டில் படித்து அறிந்த ஒன்றன்று. தாய்வழிச் சுற்றத்தின் வழியாக அறிந்த ஒன்று.

பெண் பிள்ளைகள் பருவமடைந்ததும் படிப்பை நிறுத்திவிடும் காலம் அது. முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் அவரைச் சேர்க்கக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்த பிறகே அவருக்கு இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் சிறப்பான தேர்ச்சியுடன் மருத்துவரானார். சென்னை அரசு மகப்பேற்று மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்த முதல் பெண் மருத்துவர்களுள் அவரும் ஒருவர். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்ற நிபந்தனையை மணமகனிடம் முன்னதாகவே சொல்லி, அவர் ஒப்புக்கொண்ட பின்பே திருமணத்திற்கு இசைந்தார்.

1926ஆம் ஆண்டின் இறுதியில் அவரது வாழ்க்கை வேறு திசையில் திரும்பியது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் அப்போது 132 உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் 98 பேர் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் அரசால் நியமிக்கப்பட்டவர்கள். பெண்களுக்கு 1921 முதல் வாக்குரிமை இருந்தும் ஒரு பெண்கூட அந்த அவையில் அமர்ந்ததில்லை. இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்மொழிந்தது. அவர் தயங்கினார். பார்க்க வேண்டிய நோயாளிகள் இருந்தார்கள். அரசியலில் அனுபவமும் இல்லை. முடிவில் ஒப்புக்கொண்டார். 1927இல் அவையில் அமர்ந்த அவரை உறுப்பினர்கள் ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றம் ஒன்றில் உறுப்பினரான முதல் பெண் அவர்தான். அவைத் தலைவர் இல்லாத வேளைகளில் தலைவர் இருக்கையில் அமர்ந்து அவையை நடத்தும் பொறுப்பும் அவருடையதாயிற்று.

பதவி கிடைத்தது, ஆனால், ஒரு சட்டத்தை உண்டாக்குவது எளிதான வேலையன்று. சட்டமன்ற உறுப்பினர் தம் கருத்தை அவையில் தெரிவிக்க முதல் வழி, தீர்மானம். ஒரு செயலைச் செய்யும்படி அரசுக்குப் பரிந்துரைப்பதே தீர்மானம். அவை அதை ஏற்றுக்கொண்டாலும் அரசு அதன்படி நடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டாம் வழி, மசோதா. சட்டமாவதற்காக எழுதி அவையில் வைக்கப்படும் வரைவே மசோதா. அது நிறைவேறினால் அதை யாரும் மீற முடியாது. அதனால்தான் மசோதாவின் பாதை தீர்மானத்தின் பாதையைவிடக் கடினமாக இருக்கிறது.

முத்துலட்சுமி முதலில் தீர்மான வழியில் சென்றார். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றவேண்டும் என்ற தீர்மானத்தை 1927 நவம்பரில் கொண்டுவந்தார். நேர்ந்துவிடப்பட்ட பெண் இறைவனுக்கு மனைவியாகக் கருதப்பட்டாள். எனவே, அவள் வேறு எவரையும் மணக்க இயலாது. வறுமையும் செல்வர்களின் ஆசையும் அப்பெண்களுள் பலரை இழிவான வாழ்க்கைக்குத் தள்ளின. விவரம் அறியாத வயதுக் குழந்தையின் எதிர்காலத்தைப் பெரியவர்கள் முடிவு செய்வதை ஒரு மருத்துவராகவும் பெண்ணாகவும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவை தீர்மானத்தை ஏற்றது. அரசோ சமய வழக்கத்தில் தலையிட அஞ்சிக் காலம் தாழ்த்தியது. காத்திருந்து பயனில்லை என்று கண்ட முத்துலட்சுமி, தாமே மசோதா கொண்டுவரத் துணிந்தார்.

அமைச்சர் கொண்டுவரும் மசோதாவுக்கும் தனி உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் மசோதாவுக்கும் வேறுபாடு உண்டு. அமைச்சருக்குச் சட்ட அலுவலர்கள் துணை நிற்பார்கள்; அவையின் பெரும்பாலான நாள்களும் அரசுப் பணிக்கே ஒதுக்கப்படும். தனி உறுப்பினரோ தமக்குக் கிடைக்கும் சில நாள்களுக்காகக் காத்திருக்கவேண்டும். முதலில் மசோதாவை அறிமுகப்படுத்த அவையின் அனுமதியைக் கேட்கவேண்டும். அனுமதி கிடைத்து அறிமுகமான மசோதா, மக்கள் அறியும்படி அரசிதழில் வெளியிடப்படும். அதன்பின் அவை மூன்றில் ஒன்றைச் செய்யலாம். மசோதாவை உடனே விவாதிக்கலாம். சிலரைக் கொண்ட தெரிவுக்குழுவுக்கு அனுப்பலாம். அல்லது பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடலாம்.

தெரிவுக்குழு என்பது மசோதாவை வரிவரியாக ஆராயும் சிறிய குழு. மசோதாவைக் கொண்டுவந்தவரும் அந்தத் துறைக்குப் பொறுப்பானவரும் அதில் இருப்பார்கள். எதிர்ப்பவர்களுக்கும் இடம் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடிய அவையில் உணர்ச்சியோடு பேசியவர்கள், ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்ததும் சொற்களை எடைபோடத் தொடங்குவார்கள். எந்தச் சொல்லை நீக்கலாம், எந்தப் பிரிவை மாற்றலாம் என்று முடிவு செய்து குழு அறிக்கை தரும். பிறகு மசோதா மீண்டும் அவைக்கு வரும். சிங்கப்பூர் நாடாளுமன்றத்திலும் மலேசிய நாடாளுமன்றத்திலும் மசோதாவைத் தெரிவுக்குழுவுக்கு அனுப்பும் முறை இன்றும் இருக்கிறது. சுற்றுக்கு விடுவது வேறு வகையானது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுத் திரட்ட மாதங்கள் ஆகும். ஒரு மசோதாவை நேரடியாகத் தோற்கடிக்க விரும்பாதவர்களுக்கு அது வசதியான வழியாகவும் இருந்தது.

இந்தப் பாதையின் தடைகளை முத்துலட்சுமி நன்கு அறிந்திருந்தார். எனவே, அவர் முதலில் கொண்டுவந்த மசோதா எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தடைசெய்யும் மசோதா அன்று. நோயின் வேரைத் தேடும் மருத்துவரைப் போல, குடும்பங்கள் ஏன் தங்கள் பெண்களை நேர்ந்துவிடுகின்றன என்பதை அவர் ஆராய்ந்தார். விடை நிலத்தில் இருந்தது. கோயிலில் ஊழியம் செய்யும் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானியமாக நிலம் வழங்கப்பட்டிருந்தது. குடும்பத்தில் ஒரு பெண் ஊழியம் செய்யும்வரைதான் அந்த நிலம் அவர்களுக்கு. அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணை நேர்ந்துவிடாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். சோறு போடும் நிலத்தைக் காப்பாற்ற ஒரு மகளைக் கொடுக்க வேண்டியிருந்தது.

1928 செப்டம்பரில் அவர் அறிமுகப்படுத்திய மசோதா, ஏற்கெனவே நடைமுறையில் இருந்த இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை மட்டுமே கேட்டது. அதன்படி நிலத்தையும் ஊழியத்தையும் கட்டியிருந்த முடிச்சு அவிழ்க்கப்படும். பெண் கோயில் ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் குடும்பத்திடமே இருக்கும். கோயிலுக்கு நட்டம் நேராதபடி நிலத்துக்குரிய தொகையைச் செலுத்தினால் போதும். எவரையும் தண்டிக்காத, எந்த வழிபாட்டையும் நிறுத்தாத மசோதா அது. அதனால் அதை எதிர்ப்பதற்குக் காரணம் தேடுவது கடினமாக இருந்தது.

இருப்பினும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சமய மரபில் சட்டமன்றம் கைவைக்கக்கூடாது என்றனர் சிலர். ஆடற்கலையும் இசையும் அழிந்துவிடும் என்று அஞ்சினர் வேறு சிலர். தேவதாசிப் பெண்களே சங்கமாகக் கூடி அரசுக்கு மனுக்கள் அனுப்பினார்கள். பெங்களூரு நாகரத்தினம்மாள் போன்ற பெரும் இசைக் கலைஞர்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். சிலர் செய்யும் தவற்றுக்காகத் தங்கள் எல்லாரையும் இழிவாகப் பேசலாமா என்பது அவர்களின் கேள்வி. மற்றப் பெண்களுக்கு இல்லாத சொத்துரிமையும் தத்தெடுக்கும் உரிமையும் தங்களுக்கு இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அவர்களின் குரல் அன்று போதிய அளவு கேட்கப்பட்டதா என்று வரலாற்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். முத்துலட்சுமியோ, கலைஞர்களின் புகழைவிட நேர்ந்துவிடப்படப் போகும் சிறுமிகளின் நிலையையே முதன்மையாகக் கருதினார். அந்தச் சிறுமிகள் மனு எழுதும் வயதில் இல்லை.

விவாதங்களைக் கடந்து, 1929 பிப்ரவரியில் அந்தத் திருத்தம் நிறைவேறியது. மகளை நேர்ந்துவிட விரும்பாத குடும்பம் நிலத்தை இழக்கும் அச்சமின்றி மறுக்க முடிந்தது. ஆனால், நேர்ந்துவிட விரும்புவோரைத் தடுக்க அந்தச் சட்டத்தால் இயலாது. அதற்கு இன்னொரு மசோதா தேவைப்பட்டது. சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதையே சட்டப்படி தடைசெய்யும் மசோதாவை 1930 ஜனவரியில் முத்துலட்சுமி அறிமுகப்படுத்தினார். முந்தைய மசோதாவுக்குக் கிடைத்த வேகம் இதற்குக் கிடைக்கவில்லை. பொதுமக்கள் கருத்தறிய அது சுற்றுக்கு விடப்பட்டது.

கருத்துகள் வந்துசேரும் முன் நாட்டின் நிலை மாறிவிட்டது. உப்புச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. 1930 மே மாதம் காந்தியடிகள் கைது செய்யப்பட்டார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவியைத் துறந்தார். இது எளிய முடிவாக இருந்திருக்காது. தனி உறுப்பினரின் மசோதாவுக்கு அவரைத் தவிர வேறு காவலர் இல்லை. அவர் அவையை விட்டு வெளியேறினால் மசோதாவை அடுத்த படிக்கு நகர்த்த ஆள் இருக்காது. அதுதான் நடந்தது. அதே ஆண்டில் புதிய அவைக்குத் தேர்தல் வந்தது. சிறுமிகளைக் காக்கும் மசோதா கிடப்பில் கிடந்தது.

அவையில் செய்ய முடியாததை அவர் தம் வீட்டிலிருந்தே தொடங்கினார். தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய இளம்பெண்கள் சிலர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் மறுத்தன. முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அவ்வாறு தோன்றியதுதான் ஔவை இல்லம். அங்கே தங்கிய பெண்கள் படித்தார்கள். ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் வேலைக்குச் சென்றார்கள். சட்டமன்றத்தில் தாம் பெற்ற அனுபவங்களை அவர் ஒரு நூலாகவும் எழுதினார்.

கிடப்பில் போன மசோதாவை அவர் மறக்கவில்லை. அடுத்தடுத்து வந்த அமைச்சரவைகளிடம் வேண்டுகோள் வைத்துக்கொண்டே இருந்தார். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியது. பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது குற்றம் என்றது அந்தச் சட்டம். அதற்குத் துணைபோவோருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றது. முன்பே நேர்ந்துவிடப்பட்ட பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்றும் சொன்னது. முதல் தீர்மானத்திலிருந்து கணக்கிட்டால் 20 ஆண்டுகள். மசோதாவிலிருந்து கணக்கிட்டால் 17 ஆண்டுகள். அது நிறைவேறிய நாளில் முத்துலட்சுமி அவையின் உறுப்பினராக இல்லை.

அப்போது அவருக்கு வயது 61. அவரது கவனம் மீண்டும் மருத்துவத்தின் பக்கம் சென்றிருந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த துயரம் அவர் மனத்தில் நீண்ட நாள் இருந்தது. அவரது முயற்சியால் 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள், 82ஆவது பிறந்தநாளுக்குச் சில நாள்களே இருந்த நிலையில், அவர் காலமானார். ஔவை இல்லமும் அடையாறு மருத்துவமனையும் இன்றும் சென்னையில் இயங்கி வருகின்றன.