தெளிவுரைத்த பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார்

தத்துவ நூல் என்றாலே விளங்காத நூல் என்னும் எண்ணம் நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. அவற்றைப் பூசை மாடத்தில் வைத்து வணங்குவோர் பலர். பிரித்துப் படிப்போர் சிலர். சொல்வதைக் கேட்போர்க்கு விளங்கச் சொல்லவேண்டும். மறுப்பதாயின் மறுக்கப்படுவோர்க்கு நேர்மை தவறாமல் மறுக்கவேண்டும். இவ்விரு நெறிகளையும் தம் நூல்களில் கடைப்பிடித்துக் காட்டிய ஒருவர் நம் சமூகத்திலேயே தோன்றி வாழ்ந்தார். அவரே பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். அவர் பெயரை அறியாத தமிழ்ச் சமணர் இலர். ஆயினும் அவர் சிந்தித்த முறையை இளையோர் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் அவாவினால் இதனை எழுதுகிறோம்.

1880ஆம் ஆண்டு தமிழ்ச் சமணக் குடும்பமொன்றில் அப்பாசாமி நயினாரின் மைந்தராகப் பிறந்தார். தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றுச் சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் உயர்ந்ததாகக் கருதப்பட்ட இந்தியக் கல்விப் பணியில் இடம்பெற்றார். பின்னர்க் கும்பகோணம் அரசுக் கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். அவர் முதுகலைப் பட்டத்தோடு எல்.டி. என்னும் ஆசிரியப் பயிற்சிப் பட்டமும் பெற்றவர். ஆசிரியப் பயிற்சி பெற்று வாழ்நாளைக் கரும்பலகையின் முன் கழித்த நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. அவர் எழுத்தின் தெளிவுக்கு அப்பயிற்சியும் ஒரு காரணம் என்றே நாம் எண்ணுகிறோம்.

1920ஆம் ஆண்டில் அவரது முதற் பெருநூல் வெளிவந்தது. ஆசாரிய குந்தகுந்தர் பிராகிருதத்தில் அருளிய பஞ்சாஸ்திகாயத்தின் ஆங்கில ஆக்கம் அது. அந்நூலில் மொழிபெயர்ப்பாளர்க்கு ஓர் இடர் உண்டு. தர்மம், அதர்மம் என்னும் சொற்களைக் கேட்பவர் அறம், பாவம் என்றே பொருள் கொள்வர். அஸ்திகாயங்களின் வரிசையிலோ அவை அப்பொருளன அல்ல. மீன் நீந்துவதற்கு நீர் துணையாவதுபோல இயக்கத்திற்குத் துணையாகும் பொருள் தர்மம். வழிப்போக்கன் தங்குவதற்கு நிழல் துணையாவதுபோல நிலைபெறுதலுக்குத் துணையாகும் பொருள் அதர்மம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டாவிடில், பின்னர் எழும் வாதங்கள் யாவும் குழம்பிப் போகும். முதலில் சொல்லின் பொருளை வரையறுத்துக்கொண்டு அதன்பின் வாதத்திற்குள் புகவேண்டும் என்பது இதனால் நாம் பெறும் முதற்பாடம்.

1936ஆம் ஆண்டில் நீலகேசியைச் சமயதிவாகர வாமன முனிவரின் உரையோடும், விரிவான ஆங்கில முன்னுரையோடும் பதிப்பித்தார். இதுவே அவர் தமிழுக்குச் செய்த தொண்டுகளுள் தலையாயது எனலாம். நீலகேசியின் கதையை நம் வீட்டு மூதாட்டியர் சொல்லக் கேட்டிருப்போம். சுடுகாட்டில் தவமியற்றிய முனிச்சந்திரரை அச்சுறுத்த வந்த நீலி, அவரது கலங்காத உள்ளத்தைக் கண்டு அடங்கி, அறங்கேட்டு, பின்னர் ஊர்தோறும் சென்று வாதம் புரிந்தாள். தர்மவுரை முதலாகப் பத்துச் சருக்கங்களைக் கொண்ட அந்நூலில் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக வருகின்றனர். ஒவ்வொரு சமயத்தாரும் கொண்ட கொள்கை இன்னது, அதற்கு அவர் கூறும் காரணம் இன்னது, நீலகேசி கூறும் மறுப்பு இன்னது என்று பேராசிரியர் தம் முன்னுரையில் பகுத்துத் தந்தார்.

எடுத்துக்காட்டாக, பொருள்கள் யாவும் கணந்தோறும் அழிவன என்னும் பௌத்தக் கொள்கையை எண்ணிப் பார்ப்போம். அழியாத ஒன்றைப் பற்றிக்கொள்வதே பற்றுக்குக் காரணம் என்பது அவர் கருத்து. அதனை முதலில் அவர் நிலையிலிருந்தே விளங்கிக்கொள்ள வேண்டும். அதன்பின்னரே, வினை செய்தவன் அக்கணமே அழிந்தால் அவ்வினைப் பயனை நுகர்பவன் யார் என்னும் வினாவுக்கு வலிமை உண்டாகும். எதிரியின் கருத்தைத் திரித்துச் சொல்லி வெல்வது வெற்றியாகாது. அது வைக்கோற் பொம்மையை அடித்து வீழ்த்துவதற்கு ஒப்பானது.

இங்கே நாம் கருதத்தக்க ஒன்று உண்டு. நீலகேசி மறுக்க எடுத்துக்கொண்ட குண்டலகேசி என்னும் பௌத்த காப்பியம் இன்று முழுமையாக இல்லை. சில செய்யுள்களே எஞ்சியுள்ளன. அந்நூலின் கதையையும், அதன் பல செய்யுள்களின் முதற்குறிப்புகளையும் நீலகேசி உரையிலிருந்தே அறிகின்றோம். மறுக்க வந்த முனிவரே, தாம் மறுத்த நூலின் சுவடுகளைக் காத்துத் தந்திருக்கிறார். எதிர்ப்பக்கத்தை உள்ளவாறு எழுதிவைத்த நேர்மையின் பயன் இது.

இனி, நம் வாழ்வில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறவேண்டும். வட மாவட்டத்திலிருந்து பணியின்பொருட்டுத் தெற்கே வந்த நாம், புதியம்புத்தூரிலேயே நிலைத்துவிட்டோம். கரிசல் நிலத்து ஊர். இன்று தையல் தொழிலால் பெயர்பெற்றது. அந்நாளில் நம் வகுப்பில் மானாவாரி உழவர் வீட்டுப் பிள்ளைகளே மிகுதி. ஒருநாள் திருக்குறள் பாடம் நடத்துகையில், அதனை இயற்றியவர் சமணரே, அதிலும் குந்தகுந்த ஆசாரியரே என்று ஐயத்திற்கு இடமின்றிக் கூறினோம். முதல் அதிகாரத்தில் எண்குணம் உடையவன் என இறைவன் குறிக்கப்படுவதைச் சான்றாகக் காட்டினோம். மாணவன் ஒருவன் எழுந்து, பரிமேலழகர் அவ்விடத்தில் சைவ ஆகமம் கூறும் எட்டுக் குணங்களை அல்லவா காட்டுகிறார், டீச்சர் என்றான். நமக்கு விடை தெரியவில்லை. அமர்ந்து பாடத்தைக் கவனிக்கும்படி அதட்டினோம். அவன் அமர்ந்தான், அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவன் வகுப்பில் வினாவே எழுப்பவில்லை. அது இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது.

அந்த உறுத்தலினால்தான் பேராசிரியரின் குறள் ஆய்வுகளைத் தேடிப் படித்தோம். 1949ஆம் ஆண்டில் சமண உரையொன்றோடு குறளைப் பதிப்பித்த அவர், 1953ஆம் ஆண்டில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் விளக்கத்தையும் வெளியிட்டார். ஏலாசாரியர் எனப்படும் குந்தகுந்தரே குறளை இயற்றியவர் என்பது அவர் துணிபு. ஆயினும் நாம் வகுப்பில் செய்ததுபோல் அவர் வெறுமனே ஆணையிடவில்லை, சான்றுகளை முன்வைத்தார். நீலகேசியின் உரையாசிரியர் குறளைத் தம் சமயத்து மறையாகவே சுட்டுவது அவற்றுள் ஒன்று. அச்சான்றை நிறுத்துப் பார்த்தால், அவ்வுரையாசிரியர் காலத்துச் சமணர் குறளைத் தம் நூலாகப் போற்றினர் என்பது உறுதியாகிறது. நூலாசிரியர் குந்தகுந்தரே என்று கொள்வதற்கு இன்னும் ஒரு படி ஏறவேண்டும். அப்படியை அறிஞர் பலர் ஏற்கவில்லை. பிற சமயத்தாரும் குறளுக்கு உரிமை கொண்டாடுகின்றனர். சான்று எதுவரை செல்கிறது, நம் விருப்பம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காண்பதே தெளிந்த சிந்தனை. பேராசிரியரின் முடிவை ஏற்காதவரும் அவருடன் வாதிடலாம். அவர் தம் காரணங்களைத் திறந்து வைத்திருப்பதே அதற்குக் காரணம். நாமோ அன்று அம்மாணவனுக்கு வாதிடும் வாயிலையே அடைத்துவிட்டோம்.

1950ஆம் ஆண்டில், தம் எழுபதாம் அகவையில், குந்தகுந்தரின் சமயசாரத்தை ஆங்கிலத்தில் விளக்கி வெளியிட்டார். அந்நூலின் திறவுகோல் வியவகார நயம், நிச்சய நயம் என்னும் இரு நோக்குகள். நெய்க்குடம் என்கிறோம்; குடம் நெய்யால் ஆனதன்று. வழக்கில் அச்சொல் பயன்படுகிறது. உண்மை நோக்கில் குடம் மண்ணே. இரண்டும் தத்தம் இடத்தில் பொருந்துவன. ஒரு நோக்கில் தொடங்கிய வாதத்தை, அறிவிக்காமலேயே மற்றொரு நோக்கில் முடிப்பதுதான் பிழை. சியாத்வாதமும் இதனையே கற்பிக்கிறது. அது உறுதியின்மை அன்று. எந்த நோக்கில் சொல்கிறோம் என்பதை உறுதியாகச் சொல்லிவிட்டுப் பேசுவது.

நிறைவாழ்வு வாழ்ந்த பேராசிரியர் 1960ஆம் ஆண்டில் மறைந்தார்.

நம் ஊரிலிருந்து கோவில்பட்டி வழியாகக் கழுகுமலைக்குச் செல்லும்போதெல்லாம், அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகளின் முன் சற்று நிற்பது வழக்கம். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அம்மலையில் கற்றுக் கற்பித்த குரவர், குரத்தியர், மாணாக்கர் ஆகியோரின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பெண்பாலாரும் ஆசிரியராக விளங்கிய மலை அது. மாணாக்கரின் வினாவுக்கு இடங்கொடாத ஆசிரியரால் அத்தகைய மரபு வளர்ந்திராது.

நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று சமயத்தைப் பற்றி வினவுகின்றனர். இரவில் உண்ணாமை ஏன், கிழங்கை விலக்குவது ஏன் என்று கேட்கின்றனர். அதட்டி அமர்த்தாதீர். அவர்கள் கூறும் தடையை அவர்களே ஒப்பும்படி முதலில் திருப்பிச் சொல்லுங்கள். தெரிந்த காரணத்தைத் தெளிவாகக் கூறுங்கள். தெரியாதாயின் தெரியவில்லை எனக் கூறி, உடன் அமர்ந்து நூலைத் தேடுங்கள். பேராசிரியர் சக்கரவர்த்தி நயினாருக்கு நாம் செய்யத்தக்க நன்றிக்கடன் அதுவேயாகும்.

வாழ்க நல்லறம்!