அப்பாயியின் கையில் இருந்த தழும்பு

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசித் தேருக்குச் சின்ன வயதில் அப்பாயியோடுதான் போவேன். தேர் நெருங்கியதும் அவர் கையெடுத்துக் கும்பிடுவார். சேலை விலகி, மேற்கையில் வட்டமாக ஒரு தழும்பு தெரியும். தோட்டத்தில் அம்மைப்பால் குத்திய அடையாளம். அந்தக் கும்பிடும் அந்தத் தழும்பும் ஒரே நோய்க்கானவை என்பது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

தழும்பின் கதை இங்கிலாந்தின் பேர்க்லி என்ற சிற்றூரில் தொடங்குகிறது. 1749இல் அங்கே பிறந்த எட்வேர்ட் ஜென்னர் ஐந்து வயதில் தாய் தந்தையை இழந்தார். எட்டு வயதில், பெரியம்மையைத் தடுக்கவென்று, அவருக்குப் பெரியம்மைச் சீழையே குத்தினார்கள். அன்றைய வழக்கப்படி பட்டினி போட்டு, இரத்தம் எடுத்து, தொழுவத்தில் அடைத்து வைத்தார்கள். பிள்ளை எப்படியோ பிழைத்தது.

மாட்டம்மை வந்தவர்களுக்குப் பெரியம்மை வராது என்பது பால் கறப்பவர்களின் பேச்சு. மருத்துவரான ஜென்னர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. 1796 மே 14 அன்று, சாரா நெல்ம்ஸ் என்ற பால்காரப் பெண்ணின் கைக் கொப்புள நீரை, தோட்டவேலைக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸின் கையில் கீறி வைத்தார். யூலையில் பெரியம்மைச் சீழையும் செலுத்தினார். நோய் வரவில்லை. இரண்டும் ஒரே வைரசுக் குடும்பம் என்பது பின்னாளில் தெரிந்தது. ஏழைப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைத்த சோதனை அது. இன்று எவரும் அப்படிச் செய்ய முடியாது.

ஜென்னர் தன் தோட்டத்துக் குடிசையில் ஏழைகளுக்கு இலவசமாகவே குத்தினார். குளிரூட்டி இல்லாத காலம். மருந்து பெரும்பாலும் கைக்குக் கை மாறியே பயணம் செய்தது. பக்தாத், பஸ்ரா வழியாக 1802 யூனில் பம்பாய் வந்தது. அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்தது. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த எங்கள் முன்னோரில் பலர் கொலராவிலும் பெரியம்மையிலும் பசியிலும் பாதையிலேயே மாண்டார்கள். நாட்டுக்கு வந்த மருந்து அவர்களிடம் வந்து சேரவில்லை.

பிரித்தானியாவும் பிரான்சும் போரிட்ட ஆண்டுகளில், பிரான்சில் சிறைப்பட்ட ஆங்கிலேயர் சிலரை விடுவிக்கும்படி ஜென்னர் எழுதினார். நெப்போலியன் இணங்கினார். அவருடைய படைவீரருக்கும் ஜென்னரின் மருந்தே குத்தப்பட்டிருந்தது.

சிறையிலிருக்கும் பிள்ளைக்காகக் கடிதம் எழுதிக் காத்திருந்த வீடுகளை நாம் அறிவோம். தொண்ணூறுகளில் போலியோ சொட்டு மருந்துக்காகச் சில நாட்கள் துப்பாக்கிகள் ஓய்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் முடிந்தது மற்ற நாட்களில் ஏன் முடியவில்லை என்று இன்றும் கேட்கத் தோன்றுகிறது.

ஜென்னர் 1823இல் பேர்க்லியில் இறந்தார். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக 1980 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. என் தலைமுறைக்கு அம்மைப்பால் குத்தவேண்டிய தேவையே வரவில்லை. அப்பாயி மட்டும் கடைசிவரை மாசித் தேரைத் தவறவிட்டதில்லை.