கரடிக்கு எந்தத் துப்பாக்கி?
சேலம் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன் கதை

சேலம் ஜில்லா ஒரு காலத்தில் மிகப் பெரியது. தெற்கே நாமக்கல். வடக்கே ஓசூர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நூறு மைலுக்கு மேல்.

1965-ம் ஆண்டு தர்மபுரி தனி ஜில்லா ஆயிற்று. 1997-ல் நாமக்கல் பிரிந்தது. 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது.

நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கம் சமவெளி. கரும்பும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் பூமி. தொப்பூர் கணவாய் ஏறி வடக்கே போனால் காட்சி மாறும். பென்னாகரம், ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி என்று காவிரி ஓரமாகக் காடு விரிந்து கிடக்கும்.

அந்தக் காட்டில் தோளில் துப்பாக்கியோடு ஒரு வெள்ளைக்காரர் திரிந்தார். அவர்தான் கென்னத் ஆண்டர்சன்.

பிறந்ததும் இங்கே, இறந்ததும் இங்கே

ஆண்டர்சன் சீமையிலிருந்து கப்பல் ஏறி வந்தவர் அல்ல. 1910-ம் ஆண்டு மார்ச் 8-ந் தேதி, செகந்திராபாத் அருகே உள்ள பொலாரத்தில் பிறந்தார். முன்னோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். ஆனால் பல தலைமுறையாக இந்தியாவிலேயே வாழ்ந்த குடும்பம்.

பெங்களூரில் படித்தார். சட்டம் படிக்க ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவுக்குப் போனார். படிப்பில் மனம் ஒட்டவில்லை. திரும்பிவிட்டார். பிறகு உத்தியோகம். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பெரிய பதவி வகித்தார்.

லீவு கிடைத்தால் போதும். காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பிவிடுவார். தமிழும் கன்னடமும் பேசுவார். கிராமத்து ஜனங்களோடு டீக்கடையில் உட்கார்ந்து ஊர் நடப்புக் கேட்பார்.

பென்னாகரம் பக்கத்துக் காட்டில் பைரா என்ற காட்டுவாசி அவருக்கு நண்பர் ஆனார். எழுதப் படிக்கத் தெரியாதவர் பைரா. ஆனால் மண்ணில் பதிந்த காலடியைப் பார்த்து, போனது என்ன மிருகம், எப்போது போனது என்று சொல்லிவிடுவார். துரைக்குக் குருவாக இருந்தவர் அந்த ஏழைதான். ஆண்டர்சன் இதை ஒருபோதும் மறைக்கவில்லை.

புலியைவிடப் பொல்லாதது

ஆண்டர்சன் பல ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டவர். ஆனாலும் கரடி என்றால் அவருக்கு ஒரு தனி ஜாக்கிரதை உண்டு.

புலி மனிதனைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிப் போய்விடும். நாம் அதைப் பார்ப்பதற்குள் அது நம்மைப் பார்த்திருக்கும். கரடி அப்படி இல்லை.

நம் ஊர்க் கரடிக்குக் கண் பார்வை மட்டம். காதும் அவ்வளவு கூர்மை இல்லை. மேல் வரிசையில் நடுவே இரண்டு முன்பல் கிடையாது. அந்தச் சந்து வழியாகத்தான் கறையானை உறிஞ்சித் தின்னும். உறிஞ்சும் சத்தம் வெகு தூரம் கேட்கும். அந்தச் சத்தத்தில் மனிதன் வருவது அதற்குத் தெரியாது. இலுப்பைப் பூ உதிரும் காலத்திலும், தேன் எடுக்கும்போதும் இதே கதைதான்.

திடீரென்று ஆள் கிட்டே வந்துவிட்டால் கரடி மிரளும். மிரண்ட கரடி ஓடுவதும் உண்டு. நேரே பாய்வதும் உண்டு. பாய்ந்தால் முகத்தைத்தான் பிடிக்கும். ஒவ்வொரு நகமும் மூன்று அங்குல நீளம். பிழைத்தவர்களில் பலர் கண்ணை இழந்தார்கள். மூக்கை இழந்தார்கள்.

இருபது கஜ தூரத்தை அது இரண்டு மூன்று விநாடியில் கடந்துவிடும். அந்த இரண்டு மூன்று விநாடியில் துப்பாக்கி என்ன செய்யும்? எந்தத் துப்பாக்கி செய்யும்?

நாட்டுத் துப்பாக்கியா, ரைபிளா?

அந்தக் காலத்தில் கிராமத்தில் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. குழாய் வாய் வழியாக மருந்தைப் போட்டு, துணியை இடித்து, ஈயக் குண்டைப் போட்டுக் கெட்டிக்க வேண்டும். ஒரே ஒரு வெடி. தவறினால் மறுபடி கெட்டிக்க நேரம் கிடையாது. மழை நாளில் மருந்து நமுத்துவிட்டால் அந்த ஒரு வெடியும் இல்லை.

அடுத்தது பன்னிரண்டாம் நம்பர் இரட்டைக் குழல் துப்பாக்கி. இரண்டு வெடி வெடிக்கும். கௌதாரிக்குப் போடும் சின்ன ரவையைப் போட்டுக் கரடியைச் சுட்டால், அதன் அடர்ந்த சடை மயிரைத் தாண்டிக் கொஞ்சம் தைக்கும். கோபத்தைக் கிளப்ப அது போதும். பெரிய ஒற்றைக் குண்டு போட்டால் மிகக் கிட்டத்தில் ஆளைக் காப்பாற்றும். தூரம் போனால் குறி நிற்காது.

ஆண்டர்சன் தேர்ந்தெடுத்தது வேறு. அமெரிக்காவில் செய்த வின்செஸ்டர் ரைபிள். 1895-ம் ஆண்டு மாதிரி. நம்பர் 405. அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது இதே ரகத்தைத்தான் கொண்டுபோனார்.

இதன் குண்டு ஏறக்குறைய இரண்டரைப் பவுன் நகை எடை இருக்கும். குழாயை விட்டுக் கிளம்பும்போது விநாடிக்கு 2,200 அடி வேகம். அடிப்பாகத்தில் உள்ள பெட்டியில் நாலு தோட்டா. விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல். அதை முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுத்தால் காலித் தோட்டா வெளியே விழும். புதுத் தோட்டா உள்ளே ஏறும். தோளிலிருந்து துப்பாக்கியை எடுக்கவே வேண்டாம்.

இதிலும் குறை உண்டு. சுட்டால் தோளில் கழுதை உதைத்த மாதிரி உதைக்கும். நெடுந்தூரக் குறிக்கு இதைவிட நல்ல ரைபிள்கள் உண்டு. யானைக்கு இதைவிடப் பெரிய துப்பாக்கிகள் உண்டு. ஆண்டர்சன் இதை விடவில்லை. வருஷக்கணக்காக ஒரே துப்பாக்கியைக் கையாண்டார். இருட்டிலும் அவர் விரல் விசையைத் தேடாது. ராத்திரியில் சுடுவதற்காகக் குழாயில் ஒரு டார்ச் விளக்கைப் பொருத்தி வைத்திருந்தார்.

கரடிக்கு எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு அவர் வாழ்க்கை சொல்லும் விடை இவ்வளவுதான். கனமான குண்டு. சட்டென்று இரண்டாவது வெடி. கைக்குப் பழகிய துப்பாக்கி. கடையில் விலை கொடுத்து வாங்க முடியாதது மூன்றாவதுதான்.

அரைகுறையாகச் சுடுவதை அவர் வெறுத்தார். காரணம் உண்டு. காயம்பட்டு ஓடிய மிருகம் பிறகு ஊரையே பழிவாங்குவதை அவர் பல இடங்களில் கண்டார். ஜவளகிரியில் மனிதரைக் கொன்று தின்ற பெண்புலி, முதலில் குறி தவறிய ஒரு குண்டால் காயம்பட்டதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

மைசூர்க் கரடி

ஆண்டர்சனைப் பெரிதும் சோதித்த கரடி சேலம் ஜில்லாவில் இல்லை. பெங்களூருக்கு மேற்கே நூறு மைலுக்கு அப்பால், அன்றைய மைசூர் ராஜ்யத்தில் அரசிக்கரை என்ற ஊர்ப் பக்கம் இருந்தது.

அங்கே பாறைக் குன்றுகளின் அடியில் ஒரு தர்கா. அதைப் பார்த்துக்கொண்ட முதியவர் ஆண்டர்சனுக்குப் பழக்கமானவர். ஒரு ராத்திரி அவருடைய வாலிப மகன் குடிசையை விட்டு வெளியே வந்தான். இருட்டில் கரடி நின்றது. மகன் பிழைக்கவில்லை. செய்தி ஆண்டர்சனுக்குப் போயிற்று. அவர் வந்தார்.

அந்தக் கரடி சாதாரணக் கரடி இல்லை. ஆளைக் கண்டால் தானே தேடி வந்து தாக்கியது. குறைந்தது 12 பேர் செத்தார்கள் என்றும், சுமார் இரண்டு டஜன் பேர் காயம்பட்டார்கள் என்றும் கணக்கு. குட்டியைப் பறிகொடுத்த கரடி என்று சிலர் சொன்னார்கள். யாரோ சுட்டுக் காயப்படுத்திய கரடி என்று சிலர் சொன்னார்கள்.

முதல் முறை குன்றெல்லாம் தேடியும் கரடி அகப்படவில்லை. பிறகு அது சிக்கமகளூர் பக்கம், சகரேபட்டணா காட்டுக்குப் போய்விட்டது. ஆண்டர்சனும் போனார்.

அங்கே நடந்ததுதான் அவருடைய புத்தகங்களில் என்னால் மறக்க முடியாத பகுதி. மாடு மேய்க்கும் ஒருவனைக் கரடி கிழித்துப் போட்டிருந்தது. உயிர் மட்டும் இருந்தது. ஆண்டர்சன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியில் கால் பிசகிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. நடக்க முடியவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது.

சாகக் கிடக்கும் மனிதனோடு அந்த ராத்திரி முழுவதும் காட்டிலேயே கழிந்தது. பக்கத்தில் பேர்பெற்ற 405 ரைபிள் கிடந்தது. அதனால் என்ன பயன்? பொழுது விடிவதற்குள் அவன் உயிர் பிரிந்துவிட்டது.

மூன்றாவது முயற்சியில்தான் கரடி செத்தது. தர்காவின் பக்கத்துக்கே அது திரும்பி வந்திருந்தது. ஆண்டர்சன் இருட்டில் காத்திருந்தார். டார்ச் வெளிச்சத்தில் சுட்டார். வேட்டை என்றால் வீரம் என்று நினைப்பவர்கள், அந்த வெடிக்கு முன்னால் கழிந்த ராத்திரிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

துப்பாக்கியிலிருந்து காமிராவுக்கு

1954-ல் அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் வந்தது. 1957-ல் வந்த புத்தகத்தில் இந்தக் கரடியின் கதை இருக்கிறது. உலகம் முழுவதும் படித்தார்கள்.

வயது ஏற ஏற ஆண்டர்சன் மாறினார். காடு சுருங்குவதைக் கண்ணால் கண்டார். ஆட்கொல்லி அல்லாத மிருகத்தைச் சுடுவதில் அவருக்கு ஆசை விட்டுப்போயிற்று. துப்பாக்கி இருந்த கையில் காமிரா வந்தது. மிருகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதினார்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கரடி இன்று அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு சரணாலயத்தில் கால் வைத்தாலே குற்றம். உயிர் தப்புவதற்காக நல்லெண்ணத்தோடு செய்தது மட்டும் குற்றம் ஆகாது.

அப்படியானால் காட்டோர ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? கூட்டமாகப் போகிறார்கள். உரக்கப் பேசிக்கொண்டும் தடியால் தட்டிக்கொண்டும் நடக்கிறார்கள். அந்தி மங்கினால் புதர்ப் பக்கம் போவதில்லை. இருட்டில் கொல்லைப் பக்கம் போனால் கையில் விளக்கு இருக்கும். சத்தம் கேட்டால் கரடி தானாகவே விலகிப் போய்விடும் என்பது பைராவைப் போன்றவர்களுக்கு எந்தத் துப்பாக்கியும் இல்லாத காலத்திலேயே தெரியும்.

1974-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி, பெங்களூரில் ஆண்டர்சன் புற்றுநோயால் காலமானார். அப்போது அவருக்கு வயது 64.

அவர் திரிந்த காவிரிக் காடுகளில் ஒரு பகுதி 2014-லும் இன்னொரு பகுதி 2022-லும் சரணாலயங்கள் ஆயின. இலுப்பைப் பூ உதிரும் நாட்களில் அங்கே இன்னும் கரடிகள் வருகின்றன.