ஜூம் பண்ணினா நட்சத்திரம் கிட்ட வருமா? வைணு பாப்புவைக் கேளுங்க!

கோச்சடை மொட்டைமாடியில் நின்னு, மங்கலா ஒரு நட்சத்திரத்தை மொபைலில் ஜூம் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? படம் உடையும், அவ்வளவுதான். கேமராவுக்குள் வந்து சேராத வெளிச்சத்தை ஜூம் எங்கிருந்து கொண்டுவரும்? மொபைல் லென்ஸ், மழைத்தண்ணி பிடிக்க வெச்ச டம்ளர் மாதிரி. தொலைநோக்கி அண்டா. அந்த அண்டாவுக்காகவே வாழ்ந்தவர் வைணு பாப்பு.

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. பையன் தொலைநோக்கிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தார். ஸ்காலர்ஷிப்பில் ஹார்வர்டு போனவர், 1949-லேயே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிச்சுட்டார். போக், நியூகிர்க் பெயர்களோடு அதில் பாப்பு பெயரும் இருக்கு. பிறகு ஓலின் வில்சனோடு சேர்ந்து செய்த வேலை 1957-ல் வெளியானது. ஒரு வகை நட்சத்திரங்களின் ஒளியைப் பிரிச்சு, அதிலுள்ள கால்சியம் கோட்டின் அகலத்தை அளந்தால், அவற்றின் உண்மையான பிரகாசம் தெரிஞ்சிடும். அதை வெச்சு தூரத்தையும் கணக்குப் போடலாம்.

அமெரிக்காவிலேயே செட்டில் ஆகியிருக்கலாம். ஆனா ஊர் திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பு கைக்கு வந்தது. நம்ம ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் அதே கொடைக்கானல்தான். சூரியனைப் பார்க்க அருமையான இடம். ராத்திரி வானத்துக்கு? மேகம் விடாது. அதனால் மலை மலையாக இடம் தேடி, ஜவ்வாது மலையில் கவலூரைப் பிடிச்சார். அங்கிருந்து தெற்கு வானமும் நல்லா தெரியும். 1968-ல் 38 செ.மீ தொலைநோக்கி, 1972-ல் ஒரு மீட்டர். அந்த ஒரு மீட்டர் கண்ணாடி, 1977-ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தபோது அந்தக் கண்டுபிடிப்பிலும் பங்கெடுத்தது.

போதாதா? அவருக்குப் போதவில்லை.

இங்கேதான் நிறைய பேர் குழம்புறாங்க. உருவத்தைப் பெருசா காட்டுறது ஈஸி. கண்ணாடியின் குவியத் தூரம் 1,000 மி.மீ, கண் வெச்சுப் பார்க்கும் லென்ஸின் குவியத் தூரம் 25 மி.மீ என்றால் 40 மடங்கு. அந்தச் சின்ன லென்ஸை மாத்தி 10 மி.மீ போட்டால் 100 மடங்கு. ஆனா வெளிச்சம் அதேதான். பெருசாக ஆக நிலாவும் கிரகமும் மங்கிப்போகும். வெளிச்சம் வேணும்னா கண்ணாடி பெருசாகணும், வேற வழியே இல்லை. விட்டம் இரண்டு மடங்கானால், சேரும் ஒளி நாலு மடங்கு. நுணுக்கமான விவரங்களும் அப்போதான் பிரிஞ்சு தெரியும்.

பாப்பு கேட்டது 2.34 மீட்டர் கண்ணாடி. இருட்டில் நம்ம கண்மணி விரிவது சுமார் 7 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்க, நம்ம கண்ணைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல ஒளி! ரெடிமேடா வாங்காமல் இந்தியாவிலேயே செய்யணும்னு பிடிவாதம் பிடிச்சார். கண்ணாடியைப் பெங்களூரில் தேய்ச்சு, பளபளப்பாக்கி, வளைவு பிசகாமல் கொண்டுவரவே வருஷக்கணக்காச்சு.

நடுவில் 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில், இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். வயசு 55. கண்ணாடி வேலை அப்போ முடியலை.

1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி கவலூருக்கு வந்து அந்தத் தொலைநோக்கிக்கு வைணு பாப்பு என்றே பெயர் வெச்சார். அதன் வழியா ஒரு நட்சத்திரத்தைக்கூட அவர் பார்க்கலை.