ஓட்டு கிடையாது, ஆனா வரி கட்டணும்: தென்னாப்பிரிக்காவில் காந்தி ஜெயித்தது எது, தோற்றது எது?

ஜனவரி 9 - வெளிநாடு வாழ் இந்தியர் தினம். ஏன் இந்தத் தேதி தெரியுமா? 1915-ல் இதே நாளில்தான், தென்னாப்பிரிக்கா வாழ்க்கையை முடித்துக்கொண்டு காந்தி பம்பாய் வந்து இறங்கினார். சுமார் 20 வருஷம் அவர் அங்கே எதுக்காகப் போராடினார் என்று பார்த்தால், இன்றைக்கும் வெளிநாட்டில் இருப்பவர்கள் கேட்கிற இரண்டு கேள்விகள்தான் வரும். எனக்கு ஓட்டு உண்டா? நான் எங்கே, எவ்வளவு வரி கட்டணும்?

ஒரு வருஷ வேலைக்குப் போன வக்கீல்

1869-ல் போர்பந்தரில் பிறந்த காந்தி, லண்டனில் சட்டம் படித்துவிட்டு 1891-ல் ஊர் திரும்பினார். இங்கே வக்கீல் தொழில் சரியாக ஓடவில்லை. அப்போதுதான் தாதா அப்துல்லா என்ற வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்காவில் வேலை வந்தது. ஒரு வருஷம், 105 பவுண்டு சம்பளம். 1893-ல் டர்பன் போய் இறங்கினார்.

வழக்கு சமரசத்தில் முடிந்தது. 1894-ல் ஊருக்குக் கிளம்பத் தயாரானவருக்கு நண்பர்கள் பிரிவு விருந்து வைத்தார்கள். அங்கே கிடந்த பேப்பரில் ஒரு சின்னச் செய்தி: நேட்டால் மாகாணத்தில் இந்தியர்களின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா வருகிறது. அவ்வளவுதான், பயணம் ரத்து.

யாருக்கு ஓட்டு இருந்தது?

அப்போது 'இந்தியக் குடிமகன்' என்று ஒருவரும் கிடையாது. எல்லாரும் பிரிட்டிஷ் பிரஜைகள். அதனால் ஒரே சாம்ராஜ்யத்தின் இன்னொரு பகுதிக்குப் போனாலும் உரிமை மாறக்கூடாது என்பதுதான் காந்தியின் வாதம்.

ஆனா நேட்டாலில் ஓட்டுப் போட 50 பவுண்டு மதிப்புள்ள சொத்து இருக்கணும், இல்லை வருஷத்துக்கு 10 பவுண்டு வாடகை கட்டணும். அதனால் பட்டியலில் இருந்த இந்தியர்கள் வெறும் 251 பேர், பெரும்பாலும் வியாபாரிகள். வெள்ளைக்காரர்கள் 9,309 பேர். இந்த 251 பேரைப் பார்த்துத்தான் பயந்தார்கள்!

காந்தி நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கினார். சுமார் 10,000 பேரிடம் கையெழுத்து வாங்கி, லண்டனில் காலனி மந்திரியாக இருந்த ரிப்பன் பிரபுவுக்கு மனு அனுப்பினார். அந்த மசோதாவுக்கு லண்டன் ஒப்புதல் தரவில்லை.

ஆனா 1896-ல் நேட்டால் அரசு வேற வழியில் வந்தது. புதுச் சட்டத்தில் 'இந்தியர்' என்ற வார்த்தையே இல்லை. சொந்த நாட்டில் தேர்தல் மூலம் அமைந்த நாடாளுமன்றம் இல்லாதவர்களுக்கு இங்கேயும் ஓட்டு இல்லை என்று மட்டும் சொன்னது. இந்தியாவில் அப்போது ஏது நாடாளுமன்றம்? ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள். புதுசா சேர கதவு மூடியாச்சு.

3 பவுண்டு வரி: கணக்குப் போட்டுப் பாருங்க

1860-ல் மெட்ராஸிலிருந்து முதல் கப்பல் போனதிலிருந்து, கரும்புத் தோட்ட வேலைக்கு ஆயிரக்கணக்கான தமிழர்களும் தெலுங்கர்களும் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் போனார்கள். 5 வருஷ ஒப்பந்தம். மாசம் 10 ஷில்லிங்கில் தொடங்கி, கடைசி வருஷம் 14 ஷில்லிங் சம்பளம்.

ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயே நிலம் வாங்கி, காய்கறி போட்டு விற்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1895-ல் சட்டம் வந்தது: ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்குத் திரும்பணும், இல்லை மறுபடி கூலியாகணும். ரெண்டும் வேண்டாம் என்றால் வருஷம் 3 பவுண்டு வரி. நேட்டால் முதலில் கேட்டது 25 பவுண்டு. வைஸ்ராய் எல்ஜின் பிரபு 3 பவுண்டுக்குச் சம்மதித்தார்.

ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். அப்படியென்றால் 3 பவுண்டு என்பது 4 மாச சம்பளத்துக்கும் மேல். பெண்களுக்கும் வரி உண்டு. பின்னாடி 16 வயது பையன், 13 வயது பெண் மேலும் விழுந்தது. இரண்டு வளர்ந்த பிள்ளைகள் உள்ள குடும்பம் வருஷத்துக்கு 12 பவுண்டு, அதாவது 240 ஷில்லிங் கட்டணும். மாசம் 14 ஷில்லிங் என்று வைத்தால் 17 மாச சம்பளம்! அரசுக்குப் பணம் சேர்ப்பது இந்த வரியின் நோக்கமே இல்லை. ஆளை விரட்டணும், இல்லை திரும்பக் கூலியாக்கணும்.

மனு போய், நடை வந்தது

பல வருஷம் மனுக்கள் போயின. வரி அசையவில்லை. 1912-ல் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தபோது, வரி நீக்கப்படும் என்று மந்திரிகள் வாக்குக் கொடுத்ததாக அவர் சொன்னார். மந்திரிகள் அதை மறுத்தார்கள்.

1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் இந்தியத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களைத் தூண்டியது ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து போன பெண்கள், அவர்களில் பலர் தமிழர்கள். நவம்பர் 6-ம் தேதி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகளோடு காந்தி டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடந்தார். கைதானார். வேலைநிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட 16 வயது வள்ளியம்மை சிறைக்குப் போனார். காய்ச்சலோடு வெளியே வந்தவர் 1914 பிப்ரவரி 22-ல் இறந்துபோனார். அதற்குச் சில மாசம் கழித்து இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 3 பவுண்டு வரி போனது, பாக்கியும் தள்ளுபடி ஆனது. ஜூலை 18-ல் காந்தி கப்பலேறினார்.

அப்போ ஓட்டு?

அது திரும்பி வரவே இல்லை. நிவாரணச் சட்டத்தில் ஓட்டுரிமை பற்றிப் பேச்சே கிடையாது. காந்தி அங்கே கறுப்பின மக்களின் ஓட்டுக்காகவும் போராடவில்லை என்ற விமர்சனம் இன்றும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் சமமாக ஓட்டுப் போட்டது 1994-ல்தான். விருந்தில் காந்தி அந்தச் செய்தியைப் படித்துச் சரியாக 100 வருஷம்.

ஓட்டுக்காக எழுந்தது சொத்துள்ள வியாபாரிகளின் மனு. வரியை உடைத்தது ஓட்டே இல்லாத கூலிகளின் வேலைநிறுத்தம். உரிமை இல்லாதவர்கள்தான் அரசைப் பணிய வைத்தார்கள்.

இன்றைக்கு நிலை என்ன?

இந்திய பாஸ்போர்ட் வைத்து வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கு, 2010-ல் வந்த சட்டத் திருத்தத்தால் ஓட்டு உண்டு. படிவம் 6ஏ கொடுத்துப் பதிவு செய்யணும். ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோடு சொந்தத் தொகுதிக்கு நேரில் வரணும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் கிடையாது. இங்கே வரும் வாடகை போன்ற வருமானத்துக்கோ, எங்கே இருந்தாலும் இந்திய வருமான வரி விதிகள் பொருந்தும்.