பள்ளிப் பிள்ளைகளின் தாய் சாவித்திரிபாய்

புனேக்குப் போகிறவர்கள் தகடுசேட் கணபதி கோவிலைப் பார்க்காமல் வருவதில்லை. அந்தக் கோவிலுக்கு எதிரே பிடே வாடா என்ற பழைய வீடு ஒன்று இருந்தது. வாடா என்றால் மராத்தியில் முற்றம் வைத்த பெரிய வீடு. பாழடைந்து கிடந்த அந்தக் கட்டடத்தை, நினைவுச் சின்னம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடித்தார்கள்.

அந்த வீட்டில்தான் 1848-ம் ஆண்டு பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. தொடங்கியவர் ஜோதிராவ் புலே. பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய மனைவி சாவித்திரிபாய். அப்போது அந்த அம்மையாருக்கு வயது 17.

9 வயதில் திருமணம்

சாவித்திரிபாய் சதாரா மாவட்டம் நைகாவ் கிராமத்தில் 1831 ஜனவரி 3-ந்தேதி பிறந்தார். 1840-ல் திருமணம் நடந்தது. மணமகனுக்கு வயது 13. எழுதப் படிக்கத் தெரியாமல் புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்குக் கணவரே எழுத்துக் கற்றுக் கொடுத்தார். பிறகு அவர் ஆசிரியர் பயிற்சியும் பெற்றார்.

பெண் படித்தால் குடும்பம் கெட்டுவிடும் என்று ஊர் நம்பிய காலம் அது. சாவித்திரிபாய் பள்ளிக்கு நடந்து போகும்போது தெருவில் நின்றவர்கள் அவர் மீது சேற்றையும் சாணத்தையும் வீசினார்கள். அதனால் அவர் பையில் இன்னொரு சேலையை எடுத்துப் போவார். பள்ளிக்குப் போனதும் அழுக்குச் சேலையை மாற்றிக் கொண்டு பாடத்தைத் தொடங்குவார்.

ஊராரின் பேச்சுக்குப் பயந்து, 1849-ல் மாமனார் மகனையும் மருமகளையும் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டார். உஸ்மான் ஷேக் என்ற நண்பர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். பள்ளிக்கூடம் நிற்கவில்லை. 1851-ல் மூன்று பள்ளிகள் நடந்தன. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகர், மாங் இனத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது.

படிக்க வந்தால் உதவித் தொகை

சேலைக் கதையை எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் செய்த வேலையைச் சொல்பவர்கள் குறைவு. உண்மையில் கடினமான வேலை அதுதான்.

ஏழை வீட்டில் ஒரு பெண் குழந்தை பள்ளிக்கு வந்தால் தண்ணீர் எடுக்க ஆள் இல்லை. தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. ஆகவே நாலு நாள் வந்த பிள்ளை ஐந்தாம் நாள் வராது. சாவித்திரிபாய் பெற்றோரைப் பார்த்துப் பேசினார். நடுவில் நின்றுவிடாமல் இருக்கப் பிள்ளைகளுக்கு உதவித் தொகை கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். வயிற்றைப் பற்றிக் கவலைப்படாத பள்ளியில் பிள்ளைகள் தங்கமாட்டார்கள் என்பது அந்தத் தம்பதிக்குத் தெரிந்திருந்தது.

இதற்கிடையே அவர் கவிதைகளும் எழுதினார். 1854-ல் அவை புத்தகமாக வந்தன.

பிறந்த சிசுவுக்கும் அடைக்கலம்

சிறு வயதிலேயே கணவனை இழந்த பெண்கள் அந்நாளில் மறுமணம் செய்ய முடியாது. அவர்களில் யாராவது கர்ப்பமானால் மானத்துக்குப் பயந்து பிறந்த குழந்தையைக் கொன்றுவிடுவது உண்டு. இதைத் தடுக்க 1863-ல் புலே தம்பதியர் ஒரு விடுதி திறந்தார்கள். யாரும் வந்து பிரசவித்துக் கொள்ளலாம். குழந்தையை அங்கேயே விட்டும் போகலாம்.

அப்படி ஒரு பிராமண விதவை பெற்ற ஆண் குழந்தையை 1874-ல் தம்பதியர் தத்து எடுத்தார்கள். தங்களுக்குப் பிள்ளை இல்லாத அவர்கள் அவனுக்கு யஷ்வந்த் என்று பெயரிட்டு, டாக்டருக்குப் படிக்க வைத்தார்கள்.

தாது வருஷப் பஞ்சம்

நம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பஞ்சம் மராட்டியத்தையும் விடவில்லை. 1877-ல் சாவித்திரிபாய் ஜுன்னர் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் நிவாரண வேலை பார்த்தார். புனே அருகே தனக்கவாடியில் பஞ்சத்தில் அடிபட்ட பிள்ளைகளுக்கு முகாம் அமைத்துச் சோறு போட்டார்கள். புலே தொடங்கிய சத்திய சோதக சமாஜத்தின் தொண்டர்கள் ஊர் ஊராகத் தானியமும் பணமும் திரட்டினார்கள்.

1890 நவம்பர் 28-ந்தேதி ஜோதிராவ் காலமானார். கொள்ளி வைப்பது யார் என்று உறவினர்கள் தகராறு செய்தார்கள். தத்துப் பிள்ளைக்கு உரிமை இல்லை என்றார்கள். சாவித்திரிபாய் தாமே கொள்ளிச் சட்டியை ஏந்தி முன்னால் நடந்து, சிதைக்குத் தீ வைத்தார்.

தோளில் சுமந்த சிறுவன்

1897-ல் பிளேக் நோய் புனேயில் பரவியது. வீடுகளைப் பூட்டிவிட்டு மக்கள் ஓடினார்கள். டாக்டர் யஷ்வந்த் ஹடப்சர் பக்கம் ஊருக்கு வெளியே வைத்தியசாலை அமைத்தார். தாயார் 66 வயதில் நோயாளிகளைத் தேடித் தேடி அங்கே கொண்டுவந்தார்.

முந்த்வா கிராமத்து மகர் குடியிருப்பில் ஒரு சிறுவனுக்குப் பிளேக் கண்டது. தொடவே எல்லோரும் அஞ்சும் நோய். சாவித்திரிபாய் அவனைத் தாமே தூக்கிச் சுமந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

சிறுவன் பிழைத்துக் கொண்டான். நோய் சாவித்திரிபாயைத் தொற்றியது. 1897 மார்ச் 10-ந்தேதி அவர் உயிர் பிரிந்தது.